மூட்டு விறைப்போடு பிறந்த குழந்தை: வீட்டில் என்ன செய்யலாம், அரசிடம் என்ன கேட்கலாம்?

குழந்தை பிறந்தாச்சு. அழுகை நன்றாக இருக்கிறது, எடையும் சரி. ஆனால் முழங்கை மடங்கவில்லை. மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்து நிற்கிறது. பாதங்கள் இரண்டும் உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன. மருத்துவர் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார். உங்கள் வீட்டிலோ, உறவிலோ, பக்கத்துத் தெருவிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இப்படிப்பட்ட பெற்றோர் மனதில் மூன்று கேள்விகள் ஓடும். ஏன் இப்படி ஆச்சு? குழந்தை நடக்குமா? இப்ப நாங்க என்ன செய்யணும்? மூன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் அவசரமானது மூன்றாவது கேள்விதான். பிறந்த முதல் சில மாதங்களில் குழந்தையின் மூட்டைச் சுற்றியுள்ள திசுக்கள் இளகும் தன்மையோடு இருக்கும். அந்த நாட்களைக் கோயில் கோயிலாகவும் ஊர் ஊராகவும் அலைந்து செலவழித்துவிட்டால், பிறகு அதே பலனைப் பெறக் கூடுதல் மாவுக்கட்டும் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம்.

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

மருத்துவர் சொன்ன பெயர் பெரும்பாலும் 'ஆர்த்ரோகிரைபோசிஸ்' என்பதாக இருக்கும். கிரேக்க மொழியில் 'வளைந்த மூட்டு' என்று பொருள். உடலின் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகளில் மூட்டுகள் பிறக்கும்போதே விறைத்திருந்தால் இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். உலக அளவில் ஏறத்தாழ 3,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. அரிதுதான், ஆனால் உங்கள் குழந்தை மட்டும் இல்லை.

இது ஒரே நோயின் பெயர் கிடையாது. நூற்றுக்கணக்கான வெவ்வேறு காரணங்களால் வரக்கூடிய ஒரு நிலை. காரணங்கள் எத்தனை இருந்தாலும் கருப்பைக்குள் நடப்பது ஒன்றுதான்: குழந்தை போதுமான அளவு அசையவில்லை. மூட்டு சரியாக உருவாக அசைவு தேவை. அசையாத மூட்டைச் சுற்றி நார்த்திசு இறுகி, அதே நிலையில் நின்றுவிடுகிறது. தசை வளர்ச்சிக் குறைவு, நரம்பு அல்லது தண்டுவடப் பிரச்சினை, பனிக்குட நீர் குறைந்து இடமில்லாமல் போவது, தாய்க்கு உள்ள சில நோய்கள் என்று அசைவு குறைய ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும்.

இவற்றில் அதிகம் காணப்படும் வகை 'அமியோபிளேசியா'. இதில் கை கால்களின் சில தசைகள் சரியாக உருவாகாமல், அந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் இருக்கும். பொதுவாக இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாதிப்பு தெரியும். இந்த வகைக் குழந்தைகளுக்குத் தொடு உணர்வு இயல்பாக இருக்கும். அறிவு வளர்ச்சியும் பொதுவாக இயல்பாகவே இருக்கும். நோய் வயதோடு முற்றிக்கொண்டே போவதும் இல்லை. நன்கு பராமரிக்கப்பட்டால் பெரும்பாலான குழந்தைகள் பள்ளி வயதுக்குள் ஏதோ ஒரு முறையில் நடக்கிறார்கள். சிலர் தாங்களாகவே, சிலர் காலணித் தாங்கியோடு, சிலர் வாக்கரோடு. நீண்ட தூரத்துக்குச் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்களும் உண்டு.

'கிரகணத்துல வெளிய வந்தியா?'

இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாத தாய் குறைவு. 'கத்தி எடுத்து நறுக்குனியா', 'மாசமா இருக்கும்போது எதையாவது பார்த்துப் பயந்தியா' என்பதும் கூடவே வரும். ஒன்றுமே காரணம் இல்லை. கிரகணத்துக்கும் குழந்தையின் மூட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

அமியோபிளேசியா பரம்பரையாக வருவதில்லை. ஆனால் வேறு சில வகைகள் பரம்பரையாக வரலாம். குறிப்பாகக் கை விரல்களையும் பாதங்களையும் மட்டும் அதிகம் பாதிக்கும் வகையில், பெற்றோரில் ஒருவருக்கு லேசாக இருந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கலாம். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களிடம் வாய்ப்பு கூடும் வகைகளும் உண்டு. எனவே அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும் முன் மரபணு ஆலோசனை பெறுங்கள். அடுத்த கர்ப்பத்தில் ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்கும்போது, முதல் குழந்தைக்கு இருந்ததை ஸ்கேன் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் அசைவைக் கூர்ந்து பார்ப்பார்.

குளிப்பாட்டும்போது உருவி விட வேண்டாம்

நம் வீடுகளில் பச்சைக் குழந்தையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கை காலை நீவி உருவி விட்டுக் குளிப்பாட்டுவது வழக்கம். 'நாலு நாள் நல்லா உருவி விட்டா சரியாயிடும்' என்று பாட்டிமார்கள் அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் இந்தக் குழந்தைகளின் எலும்பு, அசைவு இல்லாததால் மெலிந்திருக்கும். விறைத்த மூட்டை வேகமாக இழுத்தால் மூட்டு அசையாது, எலும்புதான் முறியும். பிரசவத்தின்போதே எலும்பு முறிவு ஏற்பட்ட குழந்தைகளும் உண்டு. உடை மாற்றும்போது குழந்தை திடீரென்று வீறிட்டு அழுதால், ஒரு கை அல்லது கால் வீங்கியிருந்தால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மெதுவாக எண்ணெய் தடவுவதில் தவறில்லை. இழுப்பது, முறுக்குவது, நாட்டுக்கட்டு போடுவது ஆகியவை வேண்டாம்.

இதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது, பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் நீட்டிப்புப் பயிற்சி. மூட்டு எதுவரை எளிதாக வருகிறதோ அதுவரை மெல்லக் கொண்டுபோய், அங்கே சற்று நேரம் பிடித்து, மெல்ல விட வேண்டும். எந்த மூட்டு, எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். இடுப்பு மூட்டு விலகியிருந்தால் சில அசைவுகளைச் செய்யவே கூடாது. அதனால் மருத்துவர் இடுப்பைப் பார்த்துச் சொன்ன பிறகே காலுக்கான பயிற்சியைத் தொடங்குங்கள்.

இந்தப் பயிற்சியை வாரம் ஒருமுறை மருத்துவமனையில் மட்டும் செய்தால் போதாது. ஒரு நாளில் பல முறை, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யணும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குவது எல்லா வீட்டிலும் முடியாது. ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும், குளித்து முடித்து உடம்பு சூடாக இருக்கும்போதும், பால் குடித்து அரை மணி நேரம் கழித்தும் என்று அன்றாட வேலையோடு சேர்த்துவிட்டால் விட்டுப்போகாது. அப்பா, பாட்டி, அத்தை என்று வீட்டில் இன்னும் இரண்டு பேர் கற்றுக்கொண்டால் அம்மா ஒருத்தியின் மேல் பாரம் விழாது.

உங்கள் கையில் இருக்கும் போன் இங்கே பெரிய உதவி. பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொண்டு, அவர் உங்கள் குழந்தைக்குச் செய்து காட்டுவதை வீடியோ எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் கை கால்களைப் படம் எடுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் படத்தில் தெரியும், மருத்துவருக்கும் பயன்படும். ஆனால் யூடியூபில் வரும் பயிற்சிகளைப் பார்த்துச் செய்யாதீங்க. அவற்றில் பல, மூளை முடக்குவாதம் போன்ற வேறு நிலைகளுக்கானவை.

மாவுக்கட்டும் தாங்கியும்

திரும்பிய பாதத்துக்கு 'பொன்செட்டி' முறையில் வாரந்தோறும் மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் படிப்படியாக நேராக்குவார்கள். சாதாரண வளைபாதத்தைவிட இந்தக் குழந்தைகளின் பாதம் கெட்டியானது. கட்டுகள் கூடுதலாகத் தேவைப்படலாம். சரியான பிறகும் மீண்டும் திரும்பலாம். மருத்துவர் சொன்ன காலம்வரை காலணித் தாங்கியைப் போடுவது அதனால்தான் முக்கியம். 'நேராயிடுச்சே, இனி எதுக்கு' என்று நிறுத்திவிட்டால் பட்ட பாடு வீணாகும்.

கட்டு போட்ட அன்றும் மறுநாளும் கால்விரல்களைப் பாருங்கள். விரல்கள் நீலமாகவோ வெளுத்தோ வீங்கியோ குளிர்ந்தோ இருந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். கைத் தாங்கியைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்புத் தடம் அரை மணி நேரத்துக்குள் மறையாவிட்டால் தாங்கி அழுத்துகிறது என்று பொருள். அதைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், மயக்க மருத்துவரிடம் இந்த நிலையைப் பற்றி முன்பே சொல்லுங்கள். சில குழந்தைகளுக்குத் தாடை சரியாகத் திறக்காது, நரம்பில் ஊசி ஏற்றுவதும் கடினம். அவர் முன்கூட்டியே தயாராக இருக்க இது உதவும். பால் குடிக்கச் சிரமப்படுவதும் தாடை விறைப்பின் அறிகுறியாக இருக்கலாம்.

சாப்பாடு, உடை, விளையாட்டு

கை வாய்க்கு எட்டாத குழந்தைக்கு ஊட்டிவிடத்தான் மனசு வரும். ஆனால் இந்தக் குழந்தைகள் தங்களுக்கென்று வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். மேசை விளிம்பில் கையை வைத்துத் தள்ளி முழங்கையை மடக்குவார்கள். ஒரு கையால் இன்னொரு கையைத் தூக்குவார்கள். வாயால் பென்சில் பிடிப்பார்கள், காலால் பொம்மையை இழுப்பார்கள். தவழாமல் உட்கார்ந்தபடியே நகர்ந்துபோகும் குழந்தையும் உண்டு. 'அப்படிச் செய்யாதே, அசிங்கமா இருக்கு' என்று தடுக்காதீர்கள். அந்தக் குழந்தைக்கு அதுதான் சரியான வழி.

சின்னச் சின்ன மாற்றங்கள் போதும். தரையில் தட்டு வைத்தால் எட்டாது. ஒரு சின்ன முக்காலியின் மேல், குழந்தையின் மார்பு உயரத்தில் தட்டை வையுங்கள். நீளமான அல்லது வளைந்த பிடியுள்ள கரண்டி கொடுங்கள். இட்லியைத் துண்டுகளாக்கி முள்கரண்டியில் குத்தி எடுக்கப் பழக்குங்கள். பட்டனுக்குப் பதில் ஒட்டும் பட்டை, நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக், தலை வழியே போடுவதற்குப் பதில் முன்பக்கம் திறக்கும் சட்டை. பள்ளிச் சீருடையையும் இப்படித் தைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். கழிப்பறையில் மேற்கத்திய வகை கோப்பை அல்லது கழிப்பறை நாற்காலி தேவைப்படும்.

ஐந்து நிமிடம் நீங்கள் ஊட்டினால் வேலை முடிந்துவிடும். குழந்தை தானாகச் சாப்பிட அரை மணி நேரம் ஆகும். ஒரு நாளில் ஒரு வேளையாவது அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள். பெரியவனாகும்போது அவன் யாரையும் எதிர்பார்க்காமல் சாப்பிடுவது அங்கேதான் தொடங்குகிறது. உடல் எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். கூடுதல் எடையைத் தாங்க இந்தக் கால்களுக்குச் சிரமம்.

அரசு சேவையை எங்கே தொடங்குவது?

முதல் வாசல், உங்கள் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையம். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ வழி சொல்வார்கள். 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இவை செயல்படுகின்றன. பிறந்தது முதல் 18 வயது வரை பிறவிக் குறைபாடுகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு வழி செய்வது இத்திட்டத்தின் வேலை. வளைபாதமும் பிறவி இடுப்பு மூட்டுக் குறைபாடும் திட்டத்தின் பட்டியலிலேயே உள்ளன. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும், கிராம சுகாதாரச் செவிலியரிடமும் இதைப் பற்றிக் கேட்கலாம்.

மருத்துவமனைக்கு அடிக்கடி வர முடியாதவர்கள், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி சேவை உங்கள் பகுதியில் குழந்தைக்குக் கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. பயிற்சி, உபகரணம், ஆலோசனை ஆகியவற்றை ஒரே இடத்தில் தருவது இவற்றின் நோக்கம். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் உள்ளன.

அறுவைச் சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. குழந்தையின் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்க்காமல் விட்டிருந்தால் கடைசி நேரத்தில் அலைச்சல்தான். பிறப்புச் சான்றிதழ் வந்ததும் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

'நிராமயா' காப்பீடு பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். மூட்டு விறைப்பு மட்டும் உள்ள குழந்தைக்குப் பொருந்தாது.

அடையாள அட்டை: 'பெரியவனாகட்டும், அப்புறம் பார்க்கலாம்'

நிறையப் பெற்றோர் இப்படிச் சொல்லித் தள்ளிப்போடுகிறார்கள். குழந்தையின் மேல் ஒரு முத்திரை விழுந்துவிடுமோ என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் உபகரணம், உதவித்தொகை, பயணச் சலுகை, பள்ளி உரிமை என்று பெரும்பாலான சேவைகளுக்கு யுடிஐடி என்னும் தனித்துவ அடையாள அட்டைதான் திறவுகோல்.

எப்படி வாங்குவது?

1. போனில் மத்திய அரசின் 'ஸ்வாவ்லம்பன்' இணையதளத்தைத் திறந்து, மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். குழந்தையின் புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று தேவை. வகை கேட்கும் இடத்தில் 'இயக்கக் குறைபாடு' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

2. பதிவு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்று பார்க்க அதுதான் தேவைப்படும்.

3. மருத்துவக் குழு அழைக்கும் நாளில் எக்ஸ்ரே, சிகிச்சைச் சீட்டுகள், நீங்கள் எடுத்த வீடியோக்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எந்த வேலையைக் குழந்தையால் செய்ய முடியவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

4. அட்டை வந்ததும் டிஜிலாக்கரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அட்டை வெள்ளை நிறத்தில் வந்தால் பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறைவு என்று பொருள். மஞ்சள் என்றால் 40 முதல் 80க்குள். நீலம் என்றால் 80 அல்லது அதற்கு மேல். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் வேண்டும். சிகிச்சையால் பாதிப்பின் அளவு மாறக்கூடும் என்பதால் சிறு குழந்தைகளுக்குக் காலவரையறை உள்ள சான்றிதழ் தரலாம். அது முடியும் தேதியைப் போன் காலண்டரில் குறித்து வையுங்கள். சதவீதம் சரியில்லை என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு.

ஆதார் எடுக்கும்போது வரும் சிக்கல் ஒன்று. 5 வயதுக்குக் கீழ் கைரேகை தேவையில்லை. 5 வயதில் புதுப்பிக்கும்போது விரல் விரியாத குழந்தையைக் 'கைரேகை விழல' என்று திருப்பி அனுப்பினால் ஏற்க வேண்டாம். கைரேகை பதிய இயலாதவர்களுக்குக் கருவிழிப் பதிவின் மூலம் ஆதார் தர விதி இருக்கிறது. விதிவிலக்குப் பதிவு என்று சொல்லிக் கேளுங்கள்.

பாதிப்பு 75 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால், மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகையாக மாதம் 2,000 ரூபாய்க்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வருமான வரி கட்டும் பெற்றோர் பழைய வரி முறையில் இருந்தால், 40 சதவீதத்துக்கு மேல் 75,000 ரூபாயும் 80 சதவீதத்துக்கு மேல் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடம் மறுக்க முடியாது

'எங்க ஸ்கூல்ல பார்த்துக்க முடியாது, வேற இடம் பாருங்க.' இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பி வர வேண்டிய அவசியம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016ன்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அரசு நிதியுதவி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது, மேசை உயரத்தைச் சரிசெய்வது, தேர்வில் எழுதுபவர் உதவியும் கூடுதல் நேரமும் தருவது எல்லாம் கேட்டுப் பெறக்கூடியவை. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைப் பார்த்தால் பள்ளியோடு அவரே பேசுவார்.

எந்த அலுவலகத்தில் வேலை நின்றாலும் 'முதல்வரின் முகவரி' 1100 எண்ணில் புகார் பதியலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104. உரிமை மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

டி.இ.ஐ.சி. மையத்துக்குப் போய்க் குழந்தையைப் பதிவு செய்யுங்கள். இடுப்பு, முதுகெலும்பு, நரம்பு மூன்றையும் பரிசோதித்தாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இது எந்த வகை என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பயிற்சியை வீடியோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் கற்றுக்கொடுங்கள். குடும்ப அட்டை, ஆதார், யுடிஐடி விண்ணப்பம் மூன்றையும் தொடங்குங்கள்.

குழந்தையை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். கடைத்தெரு, திருவிழா, கல்யாண வீடு எல்லா இடத்துக்கும். யாராவது 'என்ன ஆச்சு?' என்று கேட்டால், 'பிறக்கும்போதே மூட்டு விறைப்பு, பயிற்சி போயிட்டிருக்கு' என்று குழந்தைக்குக் கேட்கும்படியே சொல்லுங்கள். நாளை அதே கேள்வி வகுப்பில் வரும்போது, பதில் அந்தக் குழந்தையின் வாயில் தயாராக இருக்கும்.